பூஸ்ட் கூட்டினால் பெட்ரோல் கடைமடை வரை போகுமா?

டர்போ காரில் பூஸ்டை, அதாவது இன்ஜினுக்குள் டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, கூட்டுவது இன்று பெரிய வேலையே இல்லை. இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியுவின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப் போட்டாலோ, காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டியைச் செருகினாலோ, காலையில் 0.8 பார் காட்டிய வண்டி மதியம் 1.2 பார் காட்டும். காற்று வந்துவிட்டது. அந்தக் காற்றுக்குத் தக்க பெட்ரோல் வருகிறதா என்பதை மட்டும் பலரும் பார்ப்பதில்லை.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வரும். கடைமடை வயலில் எத்தனை விரற்கடை தண்ணீர் நிற்கிறது என்பதை வரப்பில் நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும். காரிலும் அப்படியே. டேங்கில் கிடக்கும் பம்ப் அணை, லைன் வாய்க்கால், ரெகுலேட்டர் மதகு, இன்ஜெக்டர் மடை. இந்த நாலில் எது குறுகினாலும் முறை வைத்துப் பாசனம் செய்து சமாளிக்க முடியாது. முழு பூஸ்டில் லீன் ஆன, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சிய சிலிண்டரில் நாக்கிங் (கலவை கட்டுக்கடங்காமல் வெடிப்பது) தொடங்கினால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் ரிங் லேண்ட் உடையச் சில நொடிகள் போதும்.

அதனால் பம்ப், ரெகுலேட்டர், இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், வாட்டர் இன்ஜெக்‌ஷன் என்று கடையில் கிடைக்கும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முன், எங்கே குறைகிறது என்று அளந்தாக வேண்டும். அளக்காமல் வாங்கிய பாகம் பெரும்பாலும் குறை இல்லாத இடத்தில்தான் போய் உட்கார்கிறது.

உண்மையில் எவ்வளவு கூடுதல் வேண்டும்?

0.8 பாரிலிருந்து 1.2 பாருக்குப் போனால் பூஸ்ட் பாதி கூடியது போலத் தோன்றும். இன்ஜின் சுவாசிப்பது அப்படியில்லை. கேஜ் காட்டும் அளவோடு வளிமண்டல அழுத்தம் 1 பாரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1.8 பார் இருந்தது 2.2 பார் ஆகிறது. கூடுதல் 22 சதவீதம்தான். அழுத்தம் கூடினால் காற்று சூடாகும், அடர்த்தி கொஞ்சம் குறையும், ஆகவே நிஜக் கூடுதல் 22-க்கும் கீழே. நல்ல செய்தி இது. சின்ன பூஸ்ட் ஏற்றத்துக்குப் பெரிய பாகங்கள் தேவைப்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இப்போது நம் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று கேட்கும். இ20-க்கு ஏறக்குறைய 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பழைய வெளிநாட்டு அட்டவணைகளைப் பார்த்து இன்ஜெக்டர் வாங்குகிறவர்கள் இந்த 9 சதவீதத்தை விட்டுவிடுகிறார்கள். இ20-இன் 95 ஆக்டேன் நமக்குச் சாதகம்தான். அந்தச் சாதகம் கிடைக்க, அளவு முழுதாகப் போய்ச் சேர வேண்டும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். நான்கு சிலிண்டர், பெட்ரோலை சிலிண்டருக்கு வெளியே காற்று நுழையும் வாயில் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன், இலக்கு 200 குதிரைத்திறன். டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு பூஸ்டில் ரிச்சாக, அதாவது பெட்ரோல் தூக்கலாக, ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்று வைப்பது பாதுகாப்பான கணக்கு. 200-க்கு 54 கிலோ. இ20 கூடுதலைச் சேர்த்தால் 59 கிலோ. லிட்டரில் சுமார் 78. நான்கால் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்கு 325 சிசி. இன்ஜெக்டரை 85 சதவீத டியூட்டிக்கு (ஒரு சுழற்சியில் அது திறந்திருக்கும் பங்கு) மேல் ஓட்டக் கூடாது என்பதால் 325-ஐ 0.85-ஆல் வகுக்க, வருவது 382. ஆக 3 பார் வித்தியாசத்தில் 400 சிசிக்குக் குறையாத இன்ஜெக்டர், மணிக்கு 78 லிட்டரும் அதற்கு மேல் 20 சதவீதக் கையிருப்பும் தரும் பம்ப். இவ்வளவுதான் தேவை. இந்த வண்டிக்கு 1000 சிசி இன்ஜெக்டரும் 450 லிட்டர் பம்பும் வாங்குவது, அரை மா நிலத்துக்குப் பத்துக் குதிரை மோட்டார் இறக்குவது போல.

அளப்பது எப்படி

நான்கு எண்கள் வேண்டும்: முழு பூஸ்டில் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தம், லாம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1 என்றால் சரிநிலை, அதற்குக் கீழே ரிச், மேலே லீன்), இன்ஜெக்டர் டியூட்டி, பம்பின் கனெக்டரில் வோல்ட். முதல் மூன்றில் சிலவற்றைக் காரின் ஓபிடி சோதனை சாக்கெட் வழியாகவே பதிவு செய்யலாம். போர்ட் இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் ரெயில் அழுத்த சென்சாரே இருக்காது. ரெயிலின் நுழைவாயில் ஒரு டீ போட்டு கேஜ் மாட்ட வேண்டும். லாம்ப்டாவுக்கு வைட்பேண்ட் சென்சார் கட்டாயம். இ20 நிரப்பும் வண்டியில் காற்று-எரிபொருள் விகிதத்தில் பேசாமல் லாம்ப்டாவில் பேசினால் குழப்பம் வராது. போர்ட் இன்ஜெக்‌ஷனில் முழு பூஸ்டுக்கு 0.78 முதல் 0.82 வரை என்பது நிம்மதியான இடம்.

லாம்ப்டா சென்சார் ஒன்றுதான், சிலிண்டர் நான்கு. மூன்று சிலிண்டர் 0.79-இலும் ஒன்று 0.91-இலும் ஓடினால் சென்சார் 0.82 என்று காட்டி நம்மைத் தூங்க வைக்கும். ரெயிலின் கடைசி சிலிண்டருக்கு அழுத்தம் போவதில்லை என்று ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வார்கள். நான்கு சிலிண்டர் காரின் சின்ன ரெயிலில் அது அநேகமாக நடப்பதில்லை. ஒரு சிலிண்டர் மட்டும் காய்ந்தால் காரணம் பெரும்பாலும் அழுக்கடைந்த இன்ஜெக்டர்தான். பூஸ்ட் கூட்டும் முன் பழைய இன்ஜெக்டர்களைக் கழற்றி அல்ட்ராசோனிக்கில் கழுவி, நான்கையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கண்ணாடிக் குழாயில் அளவு பாருங்கள். நான்குக்கும் நடுவே 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த செட்டை நம்பி பூஸ்ட் ஏற்ற வேண்டாம்.

போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகள்

லீனியா டி-ஜெட், புன்டோ அபார்த், நெக்ஸானின் 1.2 டர்போ இந்த வகை. இவற்றில் வழிகள் அதிகம், செலவு குறைவு, தவறு செய்தாலும் திருத்த இடம் உண்டு.

முதல் வழியைக் கடைகள் விற்பதில்லை, ஏனென்றால் அதில் லாபம் இல்லை: பம்புக்குப் போகும் வயர். லோ வோல்டேஜில் பம்பு செட் எப்படி முக்கும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காரின் பம்பும் மோட்டார்தான். 13.5 வோல்ட்டில் அளந்த பம்ப் 12 வோல்ட்டில் 15 சதவீதம் அளவுக்குக் குறைவாகத் தள்ளும். அழுத்தம் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். பத்து வருட வண்டியில், அதுவும் நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில், கனெக்டரில் பச்சை பூத்திருப்பது சாதாரணம்.

சோதனை எளிது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட்டும் ஏசியும் போட்டிருக்கட்டும். சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் வைத்து, கருப்பு முனையை ஒரு நீள வயரால் நீட்டி, பின் சீட்டுக்கு அடியில் பம்ப் கனெக்டரின் பாசிட்டிவ் பின்னில் தொடுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். 0.5-க்கு மேல் காட்டினால் வயர்தான் குற்றவாளி. அடுத்து பம்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள், 0.2-க்கு மேல் இருக்கக் கூடாது. சரிசெய்ய 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே போதும். ரிலேயின் 30-ஆம் காலுக்கு பேட்டரி வயர், 87-இலிருந்து பம்புக்கு, பழைய பம்ப் வயர் 86-இல் தூண்டுகோலாக, 85 எர்த். பழைய வயரைத் தூண்டுகோலாக வைப்பதில் ஒரு காரணம் உண்டு: வண்டி மோதி இன்ஜின் நின்றால் ஈசியு பம்பை நிறுத்தும். பேட்டரியிலிருந்து சுவிட்ச் போட்டு நேராக இழுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விபத்தில் லைன் அறுந்தும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். இதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

அடுத்தது பம்ப். வால்ப்ரோ 255 வகையும், அதற்கு நிகரான டாட்ச்வெர்க்ஸ், ஏஇஎம் பம்புகளும் அதிகம் புழங்குபவை. பெட்டியில் போட்ட 255 என்பது குறைந்த அழுத்தத்தில், நல்ல வோல்ட்டில் அளந்தது. ரெயிலில் 4.2 பார் நிற்கும்போது அது கிடைக்காது. இருந்தும் மேலே சொன்ன 200 குதிரைத்திறன் வண்டிக்குத் தாராளமாக மிஞ்சும். 450 லிட்டர் வகைக்கு அங்கே வேலை இல்லை. தேவைக்கு மிஞ்சி ஓடும் பம்ப் பெட்ரோலைச் சுற்றிச் சுற்றி அனுப்பி டேங்கைச் சூடாக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் கால் டேங்க் பெட்ரோலோடு நின்றால் ஆவி சேர்ந்து பம்ப் ஊளையிடும், அழுத்தம் ஆடும். மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் ஒல்லியாக இருந்தால் ஐட்லில் ரெகுலேட்டரால் அத்தனை பெட்ரோலையும் திருப்பிவிட முடியாமல் அடிப்படை அழுத்தமே ஏறி நிற்கும். 450 வகை 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டேங்க் மூடியில் இருக்கும் சின்ன கனெக்டர் அந்தச் சுமைக்குச் செய்ததல்ல. பிளாஸ்டிக் உருகிப் பம்ப் திடீரென்று நிற்பது இங்கேதான்.

பம்ப் மாற்றும்போது அதிகம் நடக்கும் பிழை, டேங்குக்குள் போடும் ஹோஸ். வெளியே போடும் எஸ்ஏஇ ஜே30ஆர்9 ஹோஸை டேங்குக்குள் போட்டால் அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறி உப்பிப் பிளக்கும். பம்ப் நன்றாக ஓடும், பெட்ரோல் டேங்குக்குள்ளேயே கசியும், ரெயிலில் அழுத்தம் விழும், ஆளாளுக்கு ஒரு பாகத்தைக் குறை சொல்வார்கள். உள்ளே போட ஜே30ஆர்10 என்று அச்சடித்த ஹோஸ் மட்டும்தான். அடியில் மாட்டும் சல்லடையையும் புதிதாகப் போடுங்கள்; பழைய சல்லடையோடு புதுப் பம்ப் போடுவது தூர் வாராத வாய்க்காலுக்குப் புதிய மதகு வைப்பதற்குச் சமம்.

மூன்றாவது ரெகுலேட்டர். இங்கேதான் நிறையக் குழப்பம். இன்ஜெக்டருக்கு ரெயில் அழுத்தம் மட்டும் பொருட்டல்ல. ரெயிலுக்கும், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் அதைத் தெளிக்க வைக்கிறது. மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்னக் குழாய் ரெகுலேட்டருக்கு வந்தால், பூஸ்ட் ஏறும் அளவுக்கு ரெயிலும் ஏறும்: அடிப்படை 3 பார், பூஸ்ட் 1.2, ரெயில் 4.2, வித்தியாசம் எப்போதும் 3. ரிட்டர்ன் இல்லாத பல புதிய கார்களில் ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கும்; ரெயில் நிலையாக 3.5 பாரிலோ 4 பாரிலோ நிற்கும். அங்கே 1 பார் பூஸ்ட் ஏறினால் 3.5 இருந்த வித்தியாசம் 2.5 ஆகிறது. தெளிப்பு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், இன்ஜெக்டரின் கொள்ளளவில் 15 சதவீதம் போய்விடும், அதுவும் அதிகம் தேவைப்படும் நேரத்தில். இப்படிப்பட்ட வண்டியில் பூஸ்டை 0.2, 0.3 பார் மட்டும் கூட்டுவதானால், தேவைப்பட்டால் மட்டும் பெரிய இன்ஜெக்டர் போட்டு, ரீமேப்பில் சரிசெய்வதே நேர்வழி. அதற்கு மேல் போனால் ரிட்டர்ன் லைன் இழுத்து வெளி ரெகுலேட்டர் வைப்பது நல்லது.

அதே வர்க்கமூலம் மறுபக்கமும் ஏமாற்றும். அடிப்படை அழுத்தத்தை 3-லிருந்து 4 பாராக ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கிடைக்கும் என்று நினைப்பார்கள். கிடைப்பது 15 சதவீதம். பம்புக்கோ 1 பார் கூடுதல் சுமை. இந்தக் குறுக்குவழியின் எல்லையைத் தொட்டது, பூஸ்ட் 1 பார் ஏறினால் ரெயிலைப் பல பார் ஏற்றும் எஃப்எம்யு என்ற பழைய வகை ரெகுலேட்டர். ஈசியுவை மாற்றி எழுத வழி இல்லாத காலத்தில் வந்த மருந்து அது. பம்ப் எந்த அழுத்தத்தில் மிகக் குறைவாகத் தள்ளுமோ அந்த அழுத்தத்தில் மிக அதிகமாகக் கேட்கும். இன்று அதற்கு இடமில்லை. யாராவது விலை குறைவு என்று கொடுத்தாலும் வேண்டாம்.

ரெகுலேட்டர் வைத்த பிறகு அது உண்மையில் ஒன்றுக்கு ஒன்றாக ஏறுகிறதா என்று இன்ஜின் ஓடாமலே பார்க்கலாம். பம்பை ஜம்பர் போட்டு ஓடவிட்டு, ரெகுலேட்டரின் மேனிஃபோல்டு குழாயைக் கழற்றி அதில் ஒரு சைக்கிள் பம்பை, டீ போட்டு டயர் கேஜோடு மாட்டுங்கள். கேஜ் 17 பிஎஸ்ஐ காட்டும் வரை அடித்தால் ரெயில் 4.2 பாரில் நிற்க வேண்டும். 3.9-இல் நின்றுவிட்டால் பம்புக்கு அதற்கு மேல் மூச்சில்லை, அல்லது ரெகுலேட்டரின் டயஃப்ரம் பழுது. அதே நிலையில் ரிட்டர்ன் ஹோஸை அளவு போட்ட கேனில் விட்டு 15 நொடி பிடியுங்கள். நம் உதாரண வண்டிக்கு 390 மில்லிக்குக் குறையக் கூடாது. 390 மில்லி என்றால் மணிக்கு 94 லிட்டர், 78-க்கு மேல் 20 சதவீதம். பேட்டரியில் சார்ஜர் மாட்டி 13.5 வோல்ட் வைத்துப் பிடித்தால்தான் அளவு சரியாக வரும். இதைத் திறந்த வெளியில், பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தனியாளாக இல்லாமல் செய்யுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ களத்திலோ வேண்டவே வேண்டாம்.

நான்காவது இன்ஜெக்டர். டியூட்டி 85-ஐத் தாண்டினால் மட்டும் மாற்றுங்கள். 6,500 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 18.5 மில்லி நொடி. அதில் 15.7-க்கு மேல் திறந்திருந்தால் இன்ஜெக்டர் மூடித் திறக்க நேரம் போதாமல் அளவு தாறுமாறாகும். வாங்கும்போது அளவைவிட முக்கியம், அதோடு வரும் தாள். ஒவ்வொரு வோல்ட்டிலும் அது திறக்க எடுக்கும் நேரம் அந்தத் தாளில் இருக்க வேண்டும்; 14 வோல்ட்டில் ஏறக்குறைய 1 மில்லி நொடி இருக்கும், 11 வோல்ட்டில் வெகுவாகக் கூடும். தாள் இல்லாத மலிவு செட்டை வைத்து எந்த டியூனராலும் ஐட்லைச் சீராக்க முடியாது. காலையில் ஸ்டார்ட் ஆகும், ஏசி போட்டால் அணையும், லைட் போட்டால் லீன் ஆகும். மின்தடையும் பாருங்கள்: சாதாரண ஈசியுவுக்கு 12 ஓம் அளவிலான உயர்தடை வகை மட்டும்தான். 2, 3 ஓம் வகையை நேராகச் செருகினால் ஈசியுவின் டிரைவர் எரியும்.

மாட்டும்போது ஓ-ரிங்கில் புது இன்ஜின் ஆயில் ஒரு துளி தடவி, சுழற்றாமல் நேராக அழுத்துங்கள். காய்ந்த ரிங் மடங்கிக் கிழிந்தால் மேல் ரிங்கில் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டின் மேல் சொட்டும். கீழ் ரிங்கில் பூஸ்ட் கசியும். பம்பை இரண்டு முறை பிரைம் செய்துவிட்டு, வெள்ளைத் துணியால் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்தையும் துடைத்துப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வேறு உலகம்

போலோ, டைகூன், குஷாக்கின் டிஎஸ்ஐ, ஐ20 என் லைன், ஃப்ராங்க்ஸ் பூஸ்டர்ஜெட் எல்லாம் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் இந்த வகை. இங்கே இரண்டு பம்புகள். டேங்கில் இருப்பது சில பார் அழுத்தத்தில் முன்னால் அனுப்பும். இன்ஜினில் கேம்ஷாஃப்ட் அழுத்தி ஓட்டும் ஹை பிரஷர் பம்ப் அதை நூற்றுக்கணக்கான பாராக்கும். 1.5 டிஎஸ்ஐ-யில் அது 350 பார் வரை. இங்கே ஹோஸ் மாற்றுவதும் கேஜ் மாட்டுவதும் வீட்டு வேலை அல்ல. அந்த அழுத்தத்தில் வரும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

நேரமும் குறைவு. போர்ட் இன்ஜெக்டர் சுழற்சியின் பெரும் பகுதி திறந்திருக்கலாம். டைரக்ட் இன்ஜெக்டருக்கு இன்டேக் தொடங்கிக் கம்ப்ரஷனின் ஆரம்பம் வரைதான் உபயோகமான நேரம். 6,000 சுற்றில் முழுச் சுழற்சி 20 மில்லி நொடி. அதில் கிடைப்பது சுமார் 6. அதற்குள் தெளித்து முடிக்காவிட்டால் பெட்ரோல் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் படிந்து, ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசம் அடிப்பதும், ஆயில் மட்டம் ஏறுவதும் இதன் அடையாளம்.

ஆகவே இங்கே ஒப்பீடு வரிசையாகத்தான் நடக்க வேண்டும். ரெயில் அழுத்தத்தின் இலக்கையும் நிஜத்தையும் மூன்றாவது கியரில் முழு பூஸ்டில் பதியுங்கள். இரண்டும் ஒட்டி ஓடினால் எதையும் வாங்க வேண்டாம். ரீமேப்பை அந்த எல்லைக்குள் வையுங்கள். நிஜம் கீழே விழுந்தால் உடனே ஹை பிரஷர் பம்ப் வாங்கப் போகாதீர்கள். முதலில் டேங்க் பம்பின் அழுத்தத்தைப் பாருங்கள். முன்னால் வருவது குறைந்தால் பின்னால் இருக்கும் பம்ப் காற்றைத்தான் கடையும். டேங்க் பம்ப் சரி என்றால் மட்டும் பெரிய பிஸ்டன் வைத்த ஹை பிரஷர் பம்ப். அதை மாற்றும்போது கேம் மேல் உருளும் ஃபாலோயரையும் கட்டாயம் பாருங்கள். வோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய இஏ113 2.0 டிஎஃப்எஸ்ஐ-யில் அது தேய்ந்து ஓட்டை விழுந்து கேமையே தின்ற வண்டிகள் உண்டு. பம்பின் ஸ்பிரிங் கடினமானால் அந்தத் தேய்மானம் கூடும்.

மேலே போர்ட் வண்டிக்குச் சொன்ன ரிலே வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே செய்யக் கூடாது. பல டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் டேங்க் பம்பை ஒரு கண்ட்ரோல் மாட்யூல் வேகம் கூட்டிக் குறைத்து ஓட்டுகிறது. நேராக 13.5 வோல்ட் கொடுத்தால் அழுத்தம் எகிறும், ஃபால்ட் கோட் விழும்.

டைரக்ட் இன்ஜெக்டரையே மாற்றுவதும், இன்டேக்கில் தனியாகப் போர்ட் இன்ஜெக்டர் வைத்து இரண்டாவது கண்ட்ரோலரால் ஓட்டுவதும் பெரிய டர்போ போட்டவர்களுக்கான வேலை. ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் வண்டிக்கு அந்தப் பணத்தைப் போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கியர்பாக்ஸும் கிளட்சும் அதற்கு முன்பே கைவிடும்.

தண்ணீர் தெளிப்பதும் மெத்தனாலும்

வாட்டர்-மெத்தனால் இன்ஜெக்‌ஷன் காற்றைக் குளிர்வித்து நாக்கிங்கை அடக்கும். மெத்தனால் கொஞ்சம் எரிபொருளாகவும் உதவும். வெளிநாட்டில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் பறிபோன உயிர்களை நினைத்தால் அந்தக் கட்டுப்பாடு ஏன் என்று கேட்கத் தோன்றாது. காருக்காக அதை வீட்டில் கேனில் வைப்பது சட்டப்படியும் தவறு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆபத்தும்கூட. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் தெளித்தாலும் வெப்பம் குறையும், பலன் உண்டு. ஆனால் பெட்ரோல் பற்றாக்குறைக்கு அது மாற்று இல்லை. டேங்க் காலியானாலோ நாசில் அடைத்தாலோ பூஸ்டைத் தானே குறைக்கும் ஏற்பாடு இல்லாமல் மாட்டக் கூடாது.

இந்த மண்ணில் கவனிக்க வேண்டியவை

எலிதான் முதல் எதிரி. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலி வீட்டுக்கும் கொட்டகைக்கும் ஏறும். வண்டிக்கு அடியில் போகும் நைலான் லைனும் ரெகுலேட்டரின் ரப்பர்க் குழாயும் அதற்குப் பிடித்த தீனி. ரெகுலேட்டர் குழாயில் ஊசி முனை ஓட்டை விழுந்தால்கூட பூஸ்டில் ரெயில் முழுதாக ஏறாமல் இன்ஜின் லீன் ஆகலாம். ஐட்லில் எதுவும் தெரியாது. அந்தக் குழாயைக் கம்பி பின்னிய ஹோஸாகப் போட்டு, இரண்டு முனையிலும் கிளாம்ப் போடுங்கள்.

அடுத்தது ஐப்பசி, கார்த்திகை மழை. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும்; பம்பின் வாய் அங்கேதான் இருக்கிறது. முதலில் தண்ணீர் போகும், பிறகு ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போகும். மழை மாதங்களில் கார் வாரக்கணக்கில் நிற்குமானால் டேங்கை நிரப்பி வையுங்கள். சந்தேகம் வந்தால் தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் அரை லிட்டர் பிடித்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள், அடியில் தனிப் படலம் தெரியும். எத்தனால் எவ்வளவு என்று அறிய, அளவுக் குழாயில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டு மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கும். இ20 என்றால் கீழ்ப்படலம் 28 மில்லிக்குப் பக்கத்தில் நிற்கும்.

ரீமேப்பை நம் வழியில் கிடைக்கும் பெட்ரோலுக்கே எழுதச் சொல்லுங்கள். 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப்போடு தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போய், நடுவே கிடைத்ததை நிரப்பினால், நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். கால் டேங்குக்குக் கீழே பூஸ்டில் ஓட்டாதீர்கள். ஆற்றங்கரை வளைவுகளில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்கும்.

எதை எடுப்பது

போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் 0.2, 0.3 பார் மட்டும் கூட்டுகிறவர்கள் வயர், ஃபில்டர், இன்ஜெக்டர் கழுவல், ரீமேப் என்று நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலோர் இங்கேதான் இருக்கிறார்கள், இவர்களுக்குத்தான் தேவையில்லாத பாகங்கள் அதிகம் விற்கப்படுகின்றன. 180-லிருந்து 220 குதிரைத்திறன் வரை போவோருக்கு 255 வகைப் பம்ப், ரிலே, பூஸ்டைப் பின்தொடரும் ரெகுலேட்டர், 440-க்கும் 550-க்கும் நடுவில் தாளோடு வரும் இன்ஜெக்டர். நான்கையும் ஒரே தவணையில் வாங்கப் பணம் இல்லையென்றால் பூஸ்டைத் தள்ளிப்போடுங்கள், பாகத்தைத் தள்ளிப்போடாதீர்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் ரெயில் அழுத்தம் விழாத எல்லையே உங்கள் எல்லை. அதைத் தாண்ட ஆசை இருந்தால் டேங்க் பம்ப், பிறகு ஹை பிரஷர் பம்ப், அதோடு போதும். மேப் சென்சாரை ஏமாற்றும் பெட்டியை எந்த வகைக்கும் பரிந்துரைக்க மாட்டோம். பூஸ்ட் எவ்வளவு என்றே ஈசியுவுக்குத் தெரியாதபோது, அது எந்தக் கணக்கை வைத்துப் பெட்ரோல் ஊற்றும்?

வாரன்டி போகும் என்பது தெரிந்ததே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தயாரிப்பாளர் அமைத்ததிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது; இன்சூரன்ஸ் கோரிக்கையின்போது இது கேள்வியாக வரும். முடிவெடுக்கும் முன் இதையும் எடை போடுங்கள்.

வண்டியை உருளை மேல் ஓட்டித் திறனை அளக்கும் டைனோவுக்குச் சென்னையோ கோயம்புத்தூரோ போக வேண்டியிருக்கலாம். வண்டியை ஏற்றும் முன்பே கசிவு, வோல்ட், சைக்கிள் பம்ப் சோதனை எல்லாம் ஊரிலேயே முடித்துவிட்டால் அங்கே கொடுக்கும் மணிக்கணக்குப் பணம் டியூனிங்குக்கு மட்டும் போகும். முழு பூஸ்ட் பதிவுகளை அங்கேயே எடுங்கள். அறுவடை இயந்திரமும் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரும் வளைவுக்கு அப்பால் நிற்கும் நம் நெடுஞ்சாலை அதற்கான இடமல்ல. திரும்பி வந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் பின் சீட்டைத் தூக்கி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேங்க் மூடியின் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பின்னை மாற்றுங்கள்.